பாக்கியரத்தினம் மிஸ்ஸும் இருபத்திரண்டு எழுத்துகளும்

1957இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுக் கப்பலேறினபோது, சீனன்குடாப் பக்கத்து உத்தியோகத்தர் வீடுகளின் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. கட்டில், கதிரை, ஐஸ்பெட்டி, ஒரு பியானோ, ஒரு நாய்க்கூடு. திருகோணமலைப் பட்டினத்தில் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள். பாக்கியரத்தினம் மிஸ் ஓர் அலுமாரி வாங்கினார். தேக்கு மரம், ஒரு கதவு மட்டும் சரியாகப் பூட்டாது. வீட்டில் இறக்கித் துடைத்தபோது, அடித்தட்டில் விரித்திருந்த கடதாசிக்குக் கீழே இரண்டு புத்தகங்கள் கிடந்தன. ஒன்று எபிரேய-ஆங்கில அகராதி. மற்றது வேதப் புத்தகம், ஆனால் எபிரேய மொழியில்.

இரண்டையும் அடுத்த நாள் கந்தோருக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்.

"காசிநாதர், இதைப் பாருங்கோ. கடைசிப் பக்கத்திலயிருந்து தொடங்குது."

எனக்கு அப்போது தபால் கந்தோரில் தந்திப் பகுதியில் வேலை. சுவருக்கு அந்தப்பக்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். மிஸ் அங்கே 1949இலிருந்து இணைப்புப் பலகைக்கு முன்னால் இருந்தார். பட்டினத்தில் யாருடைய பெயரைச் சொன்னாலும் அவர்களுடைய இலக்கம் அவருக்குத் தெரியும். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க மாட்டார். ஒருவர் பேசத் தொடங்கினால் குரலை வைத்தே, "ஐயா, உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் இணைப்புக் கொடுப்பார். கலியாணம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் பாட்டுக்கு ஓகன் வாசிப்பார். தாய் தகப்பன் இருவரும் போய்விட்டார்கள். குலசிங்கம் என்று ஒரே தம்பி. ஈச்சிலம்பற்றில் பெண் எடுத்து அங்கேயே வயல் செய்துகொண்டிருந்தார்.

நான் சைவன். வேதப் புத்தகம் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் எனக்கென்ன? ஆனால் அந்த எழுத்துகள் நேர்த்தியாக இருந்தன. அகராதியின் முன்பக்கத்தில் அவற்றை ஒழுங்காக அச்சடித்திருந்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இலக்கம்.

"அவங்களுக்கு இலக்கத்துக்கெண்டு வேற எழுத்து இல்லையாம். எழுத்தேதான் இலக்கம்," என்றார் மிஸ். அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம். அன்றிலிருந்து பகல் சாப்பாட்டு நேரம் முழுவதும் அதற்குத்தான் போனது.

கோயில் போதகரிடம் உதவி கேட்டார். போதகர் நல்ல மனிதர். தான் படித்ததெல்லாம் மறந்துபோச்சு என்று ஒளிக்காமல் சொன்னார். கொழும்பிலிருந்து ஓர் இலக்கணப் புத்தகம் மட்டும் எடுப்பித்துக் கொடுத்தார். மிச்சம் எல்லாம் மிஸ் தனியாகப் படித்ததுதான். ஒரு வருடத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தார். இரண்டாம் வருடத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை முடித்தார். சில எழுத்துகளுக்கு மட்டும் சத்தம் பிடிபடவில்லை. இலக்கணப் புத்தகம் "தொண்டையின் அடியிலிருந்து" என்று எழுதிவைத்திருந்தது. அதை வாசித்துச் சத்தம் வருமா?

அதைத் தீர்த்துவைத்தது குடாவைக் கடந்து மூதூருக்கு ஓடுகிற மோட்டார் லாஞ்சு.

தம்பியைப் பார்க்கப் போகிற வழியில், மிஸ் லாஞ்சில் இருந்து இலக்கணத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முக்காடிட்ட ஒரு பெண், இவர் வயதுதான், கொஞ்ச நேரம் எட்டிப்பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது என்ன புள்ள? குர்ஆன் எழுத்துமில்ல, ஆனா வலப்பக்கத்தாலதான் வாசிக்கிறீங்க?"

அவர் பெயர் உம்மு குல்சும். மூதூரில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர். மிஸ் அகராதியின் முதற் பக்கத்தை விரித்து எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக் காட்டினார்: ஆலெப், பேத், கீமெல், தாலேத். உம்மு குல்சும் கேட்டுக்கொண்டே இருந்தவர் சிரிக்கத் தொடங்கினார்.

"அல்லாவே! இது எங்கட வாப்பாட பாட்டெல்லோ! அப்ஜத், ஹவ்வஸ், ஹுத்தி, கலமன். நாங்க ஓதுற வரிசை வேற. இது கணக்குப் பாக்குற வரிசை."

அவருடைய தகப்பன் லெப்பையாக இருந்தவர். நோய்க்காரருக்கு இஸ்மு என்று மந்திரத் தகடு எழுதிக் கட்டுகிறவர். தகட்டில் எழுத்துக்குப் பதிலாக இலக்கங்களை எழுதுவார். அலிஃபுக்கு ஒன்று, பேவுக்கு இரண்டு. லாஞ்சின் முன்புறத்தில் வெள்ளைப் பெயிண்டால் 786 என்று எழுதியிருந்ததை உம்மு குல்சும் காட்டினார்.

"அது நாங்க எதுக்கும் முன்னால ஓதுற பிஸ்மிட இலக்கம் புள்ள. கூட்டிப் பாத்தா அவ்வளவு வரும்."

மிஸ் ஆயிரம் தடவை அந்த இலக்கத்தைப் பார்த்திருக்கிறார். கடைகளில், கடித உறைகளில், தோணிகளில். லாஞ்சின் பதிவு இலக்கம் என்று நினைத்திருந்தாராம். கரைக்குப் போகும் முன் அந்தத் தொண்டைச் சத்தங்களையும் உம்மு குல்சும் சொல்லிக்கொடுத்தார். எட்டாம் எழுத்துக்கு மூச்சை நெரித்து விடவேண்டும். ஐன் என்கிற எழுத்துக்கு நாக்கை மறந்துவிட வேண்டும். லாஞ்சில் இருந்தவர்கள், இரண்டு பெண்களுக்கும் மீன்முள் சிக்கிவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார்களாம்.

இந்தச் சிநேகிதத்துக்குப் பிறகு மிஸ்ஸின் படிப்பு வேகம் பிடித்தது. ஆனால் சொற்களை விட இலக்கங்கள் அவரை அதிகமாக இழுத்தன. அதை மறைத்து எழுதினால் நான் அவருக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். ஒரு தடித்த கொப்பி முழுக்கக் கூட்டல். எந்தச் சொல்லுக்கும் எந்தச் சொல்லுக்கும் ஒரே தொகை வருகிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று ஆராய்ச்சி. உயிருள்ளது என்பதற்கு அந்த மொழியில் இரண்டே எழுத்து. எட்டும் பத்தும். அரபியிலும் அதே இரண்டு எழுத்து, அதே பதினெட்டு. அதைக் கண்டுபிடித்த அன்று பலகையில் ஓர் அழைப்பை மாறி இணைத்துவிட்டார். அவருடைய வேலையில் நான் கண்ட ஒரேயொரு பிழை அதுதான்.

1960 ஆவணி மாதம் பதினெட்டாம் தேதி தம்பிக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. சீவமணி என்று பெயர் வைத்தார்கள். மிஸ் தம்பிக்குக் கடிதம் எழுதினார்: பதினெட்டு என்பது வேதத்தின் மூலமொழியில் உயிர், இந்தத் தேதியில் பிறந்த பிள்ளைக்கு நீண்ட ஆயுள், ஒரு குறையும் வராது. தம்பி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். படித்த அக்கா எழுதிய கடிதத்தை வேதப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தார்.

1964 மார்கழிச் சூறாவளியில் எக்ஸ்சேஞ்சின் லைன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மிஸ் அந்தப் பலகையை விட்டு எழும்பவில்லை. மூன்று நாள் கழித்து மூதூரிலிருந்து ஓர் ஆள் வந்து செய்தி சொன்னார். ஈச்சிலம்பற்றில் தம்பியின் வீட்டுச் சுவர் பிள்ளையின் மேல் விழுந்துவிட்டது. சீவமணிக்கு நாலு வயது.

செத்தவீட்டுக்குப் போய் வந்த பிறகு மிஸ் அந்தக் கொப்பியைத் திறக்கவேயில்லை. கடிதத்தைப் பற்றித் தம்பியும் கேட்கவில்லை, இவரும் வாய் திறக்கவில்லை. பத்து மாதம் அப்படியே போனது.

அடுத்த வருடம் ஐப்பசியில் தம்பியின் மனைவி குணமணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மிஸ் அதை என் மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். யோபுநேசன் என்று ஒரு பிரசங்கி ஊருக்கு வந்து கொட்டில் போட்டுக் கூட்டம் வைக்கிறார். வருகிற தை மாதத்தோடு உலகம் முடிகிறது என்று எபிரேய எழுத்துகளைக் கூட்டிக் காட்டுகிறார். பத்துப் பன்னிரண்டு குடும்பம் வயல் விதைக்கவில்லை. "உங்கட தம்பி உழவு மாட்டையும் அவிழ்த்து ஆருக்கோ குடுத்திட்டார். நீங்கள் எழுதின கடிதத்தைத்தான் கூட்டத்தில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறார், எழுத்துக்குள்ள இலக்கம் இருக்கிறது மெய் எண்டு."

"மிஸ், போதகரைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்," என்றேன்.

"போதகர் எழுதின கடிதமே அது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் வருவீங்களோ? நீங்கள் தந்திக்காரர், ஓர் எழுத்து விடுபட்டாலும் கண்டுபிடிக்கிற ஆள். நான் கணக்கில பிழைவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லவேணும்" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனோம். லாஞ்சில் மூதூர், பிறகு பஸ், கடைசியில் மாட்டுவண்டி. கிடுகுக் கொட்டில் நிறையச் சனம். சூறாவளியில் வீடு போனவர்கள், ஆள் போனவர்கள். யோபுநேசன் ஏமாற்றுக்காரன் அல்ல. அதை நான் பார்த்தவுடனேயே தெரிந்துகொண்டேன். மெலிந்த மனிதர், மடித்துத் தைத்த சேட்டு, சொல்வதை நம்பிச் சொல்கிற குரல். கரும்பலகையில் இரண்டு எழுத்துகளை எழுதினார். முடிவு என்பதற்கான சொல். நூறும் தொண்ணூறும், நூற்றுத் தொண்ணூறு. கட்டளைகள் பத்து. பத்தால் பெருக்க ஆயிரத்துத் தொளாயிரம். வேதத்தில் புத்தகங்கள் அறுபத்தாறு. கூட்டினால் 1966.

சனத்துக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது. மிஸ் எழும்பி நின்றார்.

"சகோதரர், எழுத்து இரண்டும் சரி. நூற்றுத் தொண்ணூறும் சரி. பத்தால பெருக்கச் சொன்னது ஆர்?"

"கர்த்தர் வெளிப்படுத்தினது, சகோதரி."

"இஸ்ரவேலின் கோத்திரம் பன்னிரண்டு. பன்னிரண்டால பெருக்கி அறுபத்தாறைக் கூட்டினால் 2346. எங்கட பேரப்பிள்ளைகளும் இருக்கமாட்டினம். படைப்பு ஏழு நாள். ஏழால பெருக்கினால் 1396. அப்ப உலகம் முடிஞ்சு ஐந்நூற்றிச் சொச்சம் வருசம்."

நான் துண்டுக் கடதாசியில் பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவர், "பெரிய படிப்புப் படிச்ச பொம்பிளை, விசுவாசம் இல்லை" என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். குலசிங்கம் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் மடியில் அந்தக் கடிதம் இருந்தது.

மிஸ் அதைப் பார்த்தார். இனி வாதாடப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் கரும்பலகைக்குப் போய்ச் சோக்கட்டியை வாங்கி வேறு இரண்டு எழுத்துகளை எழுதினார்.

"இது உயிர் எண்ட சொல்லு. எட்டும் பத்தும் பதினெட்டு. என்ர தம்பி உங்களுக்கு வாசிச்சுக் காட்டின கடிதத்தில இருக்கிறது இதுதான். அதை எழுதினது நான்." சோக்கட்டியை வைத்துவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினார். "கூட்டல் பிழையில்லை. ஆனா அந்தப் பிள்ளை நெடுங்காலம் இருக்கும் எண்டு இந்த எழுத்துச் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். ஆசையில சொன்னனான். சொல்லிப்போட்டு, எல்லாம் தெரிஞ்ச ஆள் மாதிரிக் கையெழுத்தும் வைச்சனான். அது பொய்யாய்ப் போச்சு. அந்தப் பொய்யை நம்பி இண்டைக்கு என்ர தம்பி வயலை விட்டிட்டு இருக்கிறான். நீங்கள் ஆரும் இனி அந்தக் கடிதத்தை நம்பவேண்டாம்."

குலசிங்கம் எழும்பி, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

எங்களை அவர் வீட்டில்தான் தங்கவைத்தார்கள். அடுத்த நாள் காலை குணமணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குலசிங்கம் வந்து அக்காவுக்கு எதிரே நிலத்தில் இருந்தார்.

"அக்கா, தையில அவளைக் காணலாம் எண்டு இருந்தனான்."

மிஸ் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"மூண்டு மாசம்தான் இருந்தது. நாள் எண்ணிக்கொண்டு இருந்தனான். நீங்கள் வந்து அதையும் பறிச்சுப் போட்டியள்."

நான் எழும்பி முற்றத்துக்குப் போனேன். உள்ளே நெடுநேரம் அழுகைச் சத்தம் கேட்டது. இரண்டு பேருடைய அழுகையும். பதினெட்டைப் பற்றியோ வேதத்தைப் பற்றியோ மிஸ் ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேட்கவில்லை. வெளியே வந்தபோது, "வயலைக் காட்டு" என்று மட்டும் தம்பியிடம் சொன்னார்.

வயல் புல்மண்டிக் கிடந்தது. விதைநெல் வீட்டில் இல்லை. மிஸ் கந்தோருக்கு இரண்டு கிழமை லீவுத் தந்தி அடிக்கச் சொல்லி என்னை அனுப்பிவிட்டு, தானும் மூதூர் வரை வந்தார். உம்மு குல்சும் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அவருடைய கணவர் தாஹிர் வயற்காரர். விசயத்தைக் கேட்டவுடன், "பிந்திப்போச்சு. மூணுமாச நெல்லுத்தான் சரி" என்று எழும்பி, நாலு மூடை விதைநெல்லை வண்டியில் ஏற்றச் சொன்னார். உழவுக்குத் தன் மாட்டுச் சோடியையும் ஓர் ஆளோடு அனுப்பினார். உம்மு குல்சும் ஒரு மூடையைத் தட்டிக்கொண்டு, "ஸர்உ எண்டு அறபில சொல்லுவாங்க. விதைப்பு. ஒங்கட மொழியில?" என்று கேட்டார்.

"ஸெரா," என்றார் மிஸ். "ஏழு, இருநூறு, எழுபது. இருநூற்றி எழுபத்..." தொகையைச் சொல்லி முடிக்கவில்லை. தலையை உதறினார். "விடுங்கோ உம்மு. நெல்லு நெல்லுத்தான்."

அதற்குப் பிறகு நடந்ததைக் குணமணிதான் எனக்குச் சொன்னார். வயலை உழுது முடித்த பிறகும் குலசிங்கம் வரம்பில் குந்திக்கொண்டே இருந்தாராம். மிஸ் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடகத்தில் நெல்லை எடுத்துச் சேற்றுக்குள் இறங்கினார். வாழ்க்கையில் வயலில் கால் வைக்காதவர். கோழிக்குத் தீன் போடுகிற மாதிரி எறிந்தார். ஓர் இடத்தில் குவியல், ஓர் இடத்தில் ஒன்றுமில்லை. கால் புதைந்து ஒருமுறை விழுந்தும் போனார். எழும்பி மறுபடியும் எறிந்தார். குலசிங்கத்தால் எவ்வளவு நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலும்?

"அப்பிடி இல்லை அக்கா! கையை விரிச்சு வீசுங்கோ. சும்மா நெல்லை நாசமாக்காதேங்கோ" என்று கத்திக்கொண்டு இறங்கிக் கடகத்தைப் பறித்தாராம். பொழுது சாய்வதற்குள் வயல் முழுவதும் விதைத்து முடிந்தது. அதைப் பார்த்து வேறு ஐந்து குடும்பமும் விதைநெல் தேடி ஓடின. மற்றவர்கள் கடைசிவரை விதைக்கவில்லை.

தை வந்தது. கொட்டிலில் இரண்டு நாள் உபவாசம் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சனம் கலைந்தது. குலசிங்கத்தின் வயல் மாசிக் கடைசியில் அறுப்புக்கு வந்தது. பாதி விளைச்சல்தான், ஆனால் அந்த வருடம் ஊருக்கே சோறு போதாத வருடம். விதைக்காதவர்களுக்கும் அதில் ஒரு பங்கு போனது.

பங்குனியில் ஒரு பகல், யோபுநேசன் கந்தோருக்கு வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் முன்னால் போனேன். அவர் என்னைத் தாண்டி மிஸ்ஸிடம் கேட்டார்:

"சகோதரி, எனக்கு இலக்கப் பட்டியல் மட்டும்தான் தெரியும். ஆரோ அச்சடிச்ச துண்டுப் பிரசுரம். எழுத்து வாசிக்கத் தெரியாது. காட்டித் தருவீங்களோ?"

மிஸ் காட்டிக்கொடுத்தார். ஆறு சனிக்கிழமை, எக்ஸ்சேஞ்சின் பின் விறாந்தையில். அந்த மனிதர் தன் இரண்டு பிள்ளைகளைக் கொள்ளைநோயில் பறிகொடுத்தவர் என்று அப்போதுதான் தெரியவந்தது. ஏழாம் சனிக்கிழமை அவர் வரவில்லை. வேறொரு கரையில் வேறொரு வருடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம். நான் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. "வாசிக்கத் தொடங்கினவர். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்," என்றார்.

இலக்கக் கொப்பியை அவர் எரிக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. கட்டி மேலே போட்டுவிட்டுப் புதுக் கொப்பி தொடங்கினார். இந்தத் தடவை சொற்கள் மட்டும். பக்கத்தை மூன்றாகப் பிரித்தார். முதலில் எபிரேயச் சொல், பிறகு அது வருகிற இடங்கள் எல்லாம், கடைசியில் தமிழில் என்ன சொல்லலாம் என்பது. கடைசிப் பத்தியில் பல இடங்களில் "தெரியாது" என்று எழுதினார். அதை மையால், அழகான எழுத்தில் எழுதுவார். நோவாவின் பேழைக்கும், குழந்தை மோசேயை ஆற்றில் விட்ட பெட்டிக்கும் மூலத்தில் ஒரே சொல்தான் என்று அவர் காட்டிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. சைவனான எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஆட்களுக்குப் பிடித்ததோ மயில் கதைதான். சாலொமோன் ராசாவின் கப்பலில் போன மயிலுக்கு எபிரேயத்தில் உள்ள பெயர் நம்முடைய தோகைதானாமே, இந்தத் துறைமுகத்திலிருந்துதான் போயிருக்குமாமே என்று ஆர்வத்தோடு கேட்பார்கள். மிஸ் பொறுமையாக, "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கப்பல் எங்கயிருந்து போனதெண்டு அதில எழுதியில்லை" என்பார். கேட்டவர்கள் முகம் வாடிப் போய்விடுவார்கள். அவர்களைச் சந்தோசப்படுத்த அவருக்குத் தெரியாமல் இல்லை. செய்யமாட்டார்.

1968இல் குலசிங்கத்துக்கு மறுபடியும் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அக்காவிடம் பெயர் கேட்டு எழுதினார். மிஸ் ராசமலர் என்று எழுதி அனுப்பினார். தேதியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இரண்டு சட்டையும் ஒரு கம்பளிக் குல்லாவும் பார்சலில் போயின.

1980இல் இளைப்பாறினார். எக்ஸ்சேஞ்சில் நடந்த பிரிவுபசாரத்தில் பேசச் சொன்னபோது, "எல்லாரையும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்க விட்டனான், ஒட்டுக்கேக்கேல்லை" என்று மட்டும் சொல்லி இருந்துவிட்டார். அதன் பிறகு நாள் முழுவதும் படிப்புத்தான். உம்மு குல்சும் மாதத்தில் ஒருநாள் வருவார். இருவரும் குசினி மேசையில் இரண்டு புத்தகங்களையும் விரித்து வைத்துக்கொண்டு, ஒரே வேரிலிருந்து வந்த சொற்களைத் தேடிப் பிடிப்பார்கள். சில நாள் ஒரு சொல்லுக்காகச் சண்டை பிடித்துச் சாப்பிடாமலே பிரிவார்கள்.

நான் கடைசியாகப் போனது 1982 ஆனியில். மிஸ்ஸுக்கு மூட்டுவாதம், விரல்கள் வளைந்துபோயிருந்தன. யோபுவின் புத்தகத்துக்கு வந்திருந்தார். அது கடினம் என்று முப்பது அதிகாரம் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று ஒரு சொல்லில் ஐந்தாவது நாளாக நின்றுகொண்டிருந்தார். அகராதி ஒன்று சொன்னது, போதகர் எடுப்பித்துத் தந்த இன்னொரு நூல் வேறொன்று சொன்னது.

"விட்டிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கோவன் மிஸ்," என்றேன்.

"போகலாம். ஆனா இதையும் ஆரோ ஒருத்தர் ஒரு அர்த்தத்தோடதானே எழுதினவர்," என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி ராசமலரைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை பட்டினத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்காக மாமியான மிஸ்ஸின் வீட்டில் தங்கியிருந்தது. கணக்குப் பாடத்தில் புள்ளி குறைவு என்று அதற்கு அன்று காலை ஏச்சு விழுந்திருந்ததாம். தேத்தண்ணியை என் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போனது. மிஸ் அதைக் கவனிக்கவேயில்லை. விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, உதட்டை அசைத்து, மறுபடியும் முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார்.